தோட்டத்து வாசல்: எடையைக் கல்லுக்குக் கொடுங்கள், இழுப்பை இரும்புக்குக் கொடுங்கள்

கேள்வி:

சோழவந்தானை ஒட்டிப் பெரியாறு பாசனத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் தென்னை, பின்னால் நெல் வயல், ஓரமாக அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். இத்தனை வருஷமாக வாசல் என்று ஒன்று கிடையாது. இரண்டு பனந்தடிக்கு நடுவே ஒரு முள் படல்தான். துபாயில் இருக்கும் மகன், "நல்ல கல் வாசலாகக் கட்டுங்கப்பா" என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறான். உருண்டைக் கற்களை அடுக்கிய இரண்டு தூண், மேலே கல் வளைவு, இரண்டு பக்கமும் மரக்கட்டை வேலி. எங்கள் ஊர்க் கொத்தனாரோ, "செங்கல்லில் தூணைக் கட்டி மேலே கல் டைல் ஒட்டிவிடலாம், பார்வைக்கு அதேதான்" என்கிறார். எங்கள் அய்யா, "வாசலைக் குறுக்கிக் கட்டிவிட்டு அறுப்பு மிஷினை எப்படிடா உள்ளே கொண்டுவருவே?" என்கிறார். என் சந்தேகங்கள்: அசல் கல்லா, ஒட்டுக் கல்லா? வளைவு வைக்கலாமா? எத்தனை அடி அகலம் வேண்டும்? வேலிக்கு முள்கம்பி நல்லதா, உயிர்வேலி நல்லதா? ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதை என்ன செய்வது?

வாசகர் ஒருவர், சோழவந்தான்

பதில்:

உங்கள் அய்யா கேட்டதுதான் முதல் கேள்வி. மகன் கேட்டதற்கும் கொத்தனார் சொன்னதற்கும் அதற்குப் பிறகே வரமுடியும். ஆகவே நீங்கள் எழுதிய வரிசையை விட்டுவிட்டு, வேலை நடக்கவேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சர்வே

கல் தூண் ஒருமுறை எழும்பிவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் கடப்பாரை போடுவதற்கு முன் எல்லை தெரியவேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டாவையும் புலப்படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பம் கொடுத்து, பக்கத்து நிலக்காரர்களையும் வைத்துக்கொண்டு சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். ஊன்றியிருக்கும் சர்வே கல் வேலி வரிசையில் இடித்தாலும் அதைப் பிடுங்கக் கூடாது. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அது குற்றம். வேலியை அரை அடி உள்ளே தள்ளிப் போடுங்கள், கல் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் நிலத்தின் வழியாகப் பக்கத்து வயல்காரரின் மாடோ வண்டியோ போய்வந்துகொண்டிருந்தால் அதை இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் பூட்டு வந்தபிறகு பேசினால் அது வழக்காகிவிடும். ரோடு ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டின் எல்லை தார் முடிகிற இடத்தோடு முடிவதில்லை.

வாய்க்கால்: மூடாமல் கடப்பது

பேரணையில் பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பிக் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம் விளைகிறது. உங்கள் வாசல் முன்னால் ஓடும் சின்ன வாய்க்கால் அந்த வலையின் ஒரு நுனி. அது அரசு வாய்க்காலாக இருந்தால் அதன்மேல் எதைக் கட்டவும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். வயல்காரர்களின் பொது வாய்க்காலாக இருந்தால் கடைமடைக்காரர்களின் சம்மதம் வேண்டும்.

சின்ன வாய்க்காலைக் கடக்க ஹியூம் பைப் போதும். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் தடையில்லாமல் போகும் குழாயைப் போடுங்கள். இலை, தேங்காய் மட்டை வந்து அடைக்கும் என்பதால் ஒன்றரை அடி விட்டத்துக்குக் குறையக் கூடாது. வண்டி ஏறுகிற இடத்துக்கு என்.பி.3 வகை என்று கேட்டு வாங்குங்கள், அதைவிட மெலிந்த என்.பி.2 லாரியின் எடையில் விரிசல் விடும். ஒரு குழாய் இரண்டரை மீட்டர் நீளம் வரும். மூன்று குழாயைக் கோத்தால் ஏழரை மீட்டர், ஏறத்தாழ 24 அடி. உங்கள் வாசலுக்கு அது சரியாக இருக்கும்.

குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் தரைமட்டத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். உயர்ந்தால் மேல் வயல்களில் தண்ணீர் தேங்கும், அந்தச் சண்டை உங்கள் வாசலுக்குத்தான் வரும். குழாயின் மேல் ஓரடி மண்ணாவது இருக்கவேண்டும். இரண்டு முனையிலும் கல் கட்டி மண் சரியாமல் நிறுத்துங்கள்.

அகலம்: அறுப்பு மிஷின் சொல்வதே கணக்கு

சாலையில் போகும் சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம், அதாவது எட்டரை அடி. தேங்காய் லாரிக்கு 12 அடி வாசலே தாராளம். நெல் அறுக்கும் இயந்திரங்களில் செயின் வண்டியும் இந்த அகலத்துக்குள் வந்துவிடும். டயர் வண்டிக்குத்தான் முன்னால் இருக்கும் வெட்டுப் பகுதி 14 அடி வரை இருக்கிறது. அதைக் கழற்றிப் பின்னால் கட்டி இழுத்து வரலாம்தான், ஆனால் அறுப்பு நெருக்கத்தில் மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது அதற்கு யாரும் இசையமாட்டார்கள். நெல் வயல் பின்னால் இருப்பதால் தூணுக்குத் தூண் உள்ளளவு 16 அடி வையுங்கள்.

16 அடியைச் சமமாகப் பிரிக்காமல் 10 அடிக் கதவு ஒன்று, 6 அடிக் கதவு ஒன்று என்று செய்யுங்கள். விடியற்காலையில் வெற்றிலை கிள்ள வருகிறவர்கள், இருசக்கர வண்டி, மாடு எல்லாவற்றுக்கும் சின்னக் கதவே போதும். கார், டிராக்டர் வந்தால் பெரிய கதவு. அறுப்பு மிஷின் வந்தால் இரண்டும்.

அகலத்தைப் போலவே முக்கியமானது, ரோட்டிலிருந்து வாசல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது. டிராக்டரும் டிரெய்லருமாகச் சேர்ந்து 25 அடி நீளம் வரும். கதவைத் திறக்க இறங்கும்போது டிரெய்லரின் பின்பாதி ரோட்டில் நின்றால் பஸ் வந்து இடிக்கும். ஆகவே ரோட்டு எல்லையிலிருந்து 25 அடி தள்ளித் தூண் நிற்கட்டும். அங்கிருந்து ரோட்டை நோக்கி இரண்டு பக்கமும் விரிந்து வரும் கைச்சுவர் கட்டுங்கள். வாசலில் 16 அடி, கைச்சுவர் முடிகிற இடத்தில் 24 அடி. வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பும். மகன் கேட்ட அழகில் பாதி இந்த விரிவிலேயே கிடைத்துவிடும்.

வளைவு வேண்டாம்

சரக்கு வண்டியின் உயரத்துக்குச் சட்டம் 4 மீட்டர், அதாவது 13 அடி வரை இடம் கொடுக்கிறது. வைக்கோல் ஏற்றிய வண்டி சட்டத்தைப் பார்த்து ஏற்றப்படுவதில்லை. அதற்கும் இடம் விட்டு 16 அடிக்கு மேல் வளைவு வைத்தால் தூணும் அதற்கேற்பப் பருக்கவேண்டும். 16 அடி அகலத்துக்குக் கல் வளைவு போட்டால் அது தூண்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கோட்டை வாசலில் அந்தத் தள்ளலைத் தாங்கப் பக்கத்தில் பெரிய சுவர் இருக்கிறது. தென்னந்தோப்பில் யார் தாங்குவது?

வளைவுக்குப் பதில் இரண்டு கல் தூணின் மேல் குறுக்கே ஒரு நீளக் கல் வைத்தால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். 16 அடி நீளக் கல் தன் எடையிலேயே நடுவில் வெடிக்கலாம். தாழ்வாக வைத்தால் வேறு சங்கடம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கி நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வடிவம் வீட்டு வாசலில் நின்றால் உங்கள் அய்யா மட்டுமல்ல, ஊரே வாய் திறக்கும்.

மேலே எதுவும் இல்லாமலே கல் வாசல் கம்பீரமாக நிற்கும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கி முடிக்காமல் விட்ட ராயகோபுரத்தைப் பாருங்கள். ஐம்பது அடிக்கு மேல் உயரமான ஒற்றைக் கல் நிலைகள், கோபுரம் எழும்பாமலேயே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிமிர்ந்து நிற்கின்றன. அடி சரியாக இருந்து செங்குத்தாக நிறுத்தினால் கல்லுக்கு வேறு துணை தேவையில்லை.

அசல் கல்லா, ஒட்டுக் கல்லா?

கொத்தனார் சொன்ன ஒட்டுக் கல் வேலை வீட்டு முகப்புக்குச் சரி. தோட்டத்து வாசலில் டிரெய்லர் உரசும், மாடு உரசும், மேற்கு வெயில் நேரே அடிக்கும். அரை அங்குலக் கல்லும் பின்னால் இருக்கும் சிமெண்டும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. கொஞ்ச நாளில் தட்டிப் பார்த்தால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்கும், பிறகு ஒவ்வொன்றாக விழும். அசல் கல் உரசினால் ஒரு தழும்பு விழும், அவ்வளவுதான்.

படத்தில் இருக்கும் உருண்டைக் கல் நமக்கு ஆகாது. உருண்டைக்கு உட்காரும் முகம் இல்லை, முழுப் பாரமும் சிமெண்டிலேயே நிற்கும். அதோடு அப்படிக் கல் வேண்டும் என்றால் யாராவது வைகைக்குள் வண்டியை இறக்குவார்கள், அது களவு. குவாரியில் உடைத்த கருங்கல்லே எடுங்கள். ஒரு முகமாவது தட்டையாக இருக்கும் சக்கைக் கல்லாகப் பொறுக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

கல் லோடு வரும்போது நடைச்சீட்டைக் கேட்டு வாங்கி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012-இல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் அனுப்பிய அறிக்கைக்குப் பிறகுதான் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேடு பெரிதாக வெளிவந்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. மலையை வெட்டியவர்களின் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், சீட்டில்லாத கல்லை வாங்கியவர் என்று உங்கள் பெயர் வரவேண்டாம்.

பக்கத்து மலையில் சும்மா கிடக்கும் கல்தானே என்று எடுத்துவருவதும் வேண்டாம். விக்கிரமங்கலத்து உண்டாங்கல்லிலும் மேட்டுப்பட்டிச் சித்தர்மலையிலும் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. உங்கள் நிலத்திலேயே குழி தோண்டும்போது எழுத்தோ உருவமோ உள்ள கல் கிடைத்தால் அதை வாசலில் பதிக்க ஆசைப்படாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

தூணின் உள்ளே என்ன இருக்கவேண்டும்

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் கொத்தனாரிடம் படித்துக்காட்டுவதாக இருந்தால் இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். இழுத்தால் தாங்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சாந்து அதைவிடச் சீக்கிரம் விட்டுவிடும். கதவு தூணை இழுக்கிறது. எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் 10 அடிக் கதவு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் பாரம் தூணிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் 4 அடி இடைவெளி. 150-ஐ 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 187 கிலோ. அத்தனை விசையோடு மேல் கீல் தூணை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கிறது. ஒரு பையன் கதவின் நுனியில் தொங்கி ஆடினால் அவன் 30 கிலோவாக இருந்தாலும் இன்னொரு 75 கிலோ இழுப்பு கூடும்.

இதனால் தூண் சாயாது. இரண்டரை அடிச் சதுரம், ஏழடி உயரம் என்றால் கல் தூண் மூவாயிரம் கிலோ இருக்கும். கீல் பதித்திருக்கும் அந்த ஒரு கல்தான் சாந்தோடு பெயர்ந்து வரும். கல் தூணில் தொங்கும் கதவு தரையைத் தட்டுவதைப் பல தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ஆகவே தூணின் நடுவில் 9 அங்குலச் சதுரக் கான்கிரீட் கால் ஒன்று எழும்பட்டும். 12 மி.மீ. கம்பி நான்கு, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 8 மி.மீ. வளையம். கீலின் இரும்புப் பட்டையைக் கான்கிரீட் போடும்போதே அந்தக் கம்பியோடு வெல்டிங் வைத்து வெளியே நீட்டி விடுங்கள். கல் அதைச் சுற்றி எழும்பட்டும். இழுப்பை இரும்பு வாங்கிக்கொள்ளும், எடையைக் கல் வாங்கிக்கொள்ளும்.

கதவின் பாரத்தைக் குறைக்கப் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. கோயில் கதவுகள் அடியில் குடுமி வைத்து, கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழல்கின்றன. அதேபோல் தூணடியில் ஒரு கருங்கல் துண்டைப் பதித்துக் குழி எடுத்து, கதவின் கீழ் முனையை அதில் நிறுத்துங்கள், கீழே ஒரு பேரிங் போட்டால் இன்னும் நல்லது. கதவின் எடை முழுவதும் கல்லுக்கு இறங்கிவிடும், பக்கவாட்டு இழுப்பு மட்டும் மேல் கீலுக்கு. 10 அடிக் கதவின் நுனியில் ஒரு சக்கரமும் வைத்துவிட்டால் அந்த இழுப்பும் பெருமளவு குறையும்.

அஸ்திவாரம்

வைகைக் கரை வண்டலும் நஞ்சைக் களியும் தண்ணீர் வந்தால் ஊறும், வற்றினால் சுருங்கும். தூணின் ஒரு பக்கம் வாய்க்கால் ஈரம், மறுபக்கம் காய்ந்த மண் என்றால் தூண் மெல்லச் சாயத் தொடங்கும். இதற்கு மூன்று காரியம் செய்யவேண்டும்.

ஒன்று, நாலடிக்கு நாலடி குழி எடுத்துக் கெட்டி மண் தட்டும்வரை இறங்குங்கள். நாலடி ஆழத்துக்குக் குறையவேண்டாம். அடியில் 1:4:8 கலவையில் ஆறு அங்குலக் கான்கிரீட், அதன்மேல் கம்பி கட்டிய அடித்தளம், அதிலிருந்து நடுக்கால் எழும்பட்டும்.

இரண்டு, இரண்டு தூணின் அடித்தளத்தையும் மண்ணுக்குள் ஒரு தரைப் பீம் போட்டு இணைத்துவிடுங்கள். ஒன்று சாய நினைத்தாலும் மற்றது விடாது.

மூன்று, காலம். அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். இரண்டாம் போகம் அறுத்து வாய்க்கால் காய்ந்தபிறகு, மாசி முதல் வைகாசிக்குள் மண் வேலையையும் ஹியூம் பைப்பையும் முடித்துவிடுங்கள். குழியில் தண்ணீர் ஊறும்போது கான்கிரீட் கொட்டினால் சிமெண்ட் கழுவிக்கொண்டு போய்விடும்.

மின்விளக்கு, கேமரா, அழைப்புமணி எது பின்னால் வரும் என்று தெரியாவிட்டாலும் இரண்டு தூணின் நடுவிலும் பீமின் ஊடேயும் ஒரு பி.வி.சி. குழாய் இப்போதே விட்டுவிடுங்கள். கல் தூணைப் பிறகு துளைப்பது பெரிய பாடு.

கல் கட்டும்போது பார்க்கவேண்டியவை

கட்டுவதற்கு முன் கல்லைக் கழுவச் சொல்லுங்கள். குவாரித் தூசி ஒட்டியிருந்தால் சாந்து பிடிக்காது. கலவை ஒன்றுக்கு ஐந்து. ஒரு நாளில் மூன்றடிக்கு மேல் எழுப்பக் கூடாது, ஈரச் சாந்து மேல் பாரத்தில் பிதுங்கும்.

சதுர மூலைக்குப் பெரிய கல்லாகப் பார்த்து, ஒரு வரியில் இடப்பக்கம் நீண்டால் அடுத்த வரியில் வலப்பக்கம் நீளும்படி மாற்றி மாற்றி வைக்கவேண்டும். மேல் வரியின் இணைப்பு கீழ் வரியின் இணைப்புக்கு நேரே வரக் கூடாது. இரண்டடி உயரத்துக்கு ஒருமுறையாவது முகத்திலிருந்து நடுக்கால்வரை உள்ளே ஓடும் நீளக் கல் இருக்கவேண்டும். பெரிய சந்துகளில் சாந்தை அப்பாமல் சில்லுக் கல்லை அடித்து நிரப்பச் சொல்லுங்கள். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் ஒவ்வொரு வரிக்கும் வரட்டும்.

அலங்காரம் சந்தில்தான் இருக்கிறது. சாந்து காய்வதற்குள் முக்கால் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு ஒன்றுக்கு மூன்று கலவையில் உள்ளடங்கிப் பூசச் சொல்லுங்கள். வெயில் சாயும்போது ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல் விழும். நம் ஊரில் சந்தின் மேல் புடைப்பாக வரி இழுத்து அதற்குக் கறுப்பும் வெள்ளையும் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்தப் பெயிண்ட் உரிந்ததும் கல்லும் சேர்ந்து பழசாகத் தெரியும்.

தூணின் தலையில் மூன்று அங்குலக் கனத்தில் ஒரு மூடுகல். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டு, மேல்புறம் லேசாகச் சரிந்து, அடியில் ஒரு கோடு வெட்டியிருக்கவேண்டும். மழைத்தண்ணீர் அந்தக் கோட்டோடு சொட்டிவிடும், தூணின் முகத்தில் வழிந்து கறை படியாது. ஏழு நாளாவது சாக்கு சுற்றித் தண்ணீர் காட்டுங்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கதவை மாட்டவேண்டும்.

கல் எவ்வளவு வாங்குவது? தரைக்கு மேல் இரண்டு தூணும் 87 கன அடி. 12 அடி நீளம், ஒன்றேகால் அடிக் கனம், நாலடி உயரத்தில் இரண்டு கைச்சுவர் 120 கன அடி. மண்ணுக்குள் போவது 150 கன அடி. ஆக 360-க்குள் அடங்கும். லோடில் கல்லோடு சந்தும் சேர்ந்தே அளக்கப்படுவதால் கால் பங்கு கூட்டிக்கொண்டால் 450 கன அடி, அதாவது நாலரை யூனிட். கொத்துக் கூலியை "வாசல் முழுக்க இவ்வளவு" என்று பேசாமல் கன அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தூண் உயரத்தைப் பின்னால் கூட்டினாலும் குறைத்தாலும் தகராறு வராது.

வேலி: எங்கே கம்பி, எங்கே செடி

3 ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,450 அடி. முழுவதும் கம்பி வேலி போட்டால் 10 அடிக்கு ஒன்று வீதம் 145 கல்கால் வேண்டும். ஏழடிக் காலில் இரண்டடி மண்ணுக்குள். சிமெண்ட் காலைவிடக் கல்காலே சிறந்தது. வாய்க்கால் ஈரத்தில் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துக் காலைப் பிளக்கும், கல்காலில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. மூலைகளிலும் 100 அடிக்கு ஒருமுறையும் இரண்டு பக்கம் முட்டுக்கால் கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். முள்கம்பியை இழுத்துக் கட்டும் முனையை உங்கள் அலங்காரத் தூணிலோ கைச்சுவரிலோ கட்டாதீர்கள். ஆறு வரிக் கம்பியின் இழுப்பும் சேர்ந்தால் கைச்சுவர் விரிசல் விடும். கைச்சுவருக்கு ஓரடி தள்ளி முட்டோடு தனிக் கல்கால் ஒன்று ஊன்றி, கம்பி அதில் முடியட்டும். மிச்ச ஓரடிச் சந்தில் ஒரு செடி வைத்தால் தெரியாது.

ரோட்டுப் பக்கம் மட்டும் கம்பி போட்டு, மற்ற மூன்று பக்கமும் உயிர்வேலியை வளர்ப்பது என் யோசனை. மேட்டுப் பக்கத்துக்குக் கிளுவை. கட்டைவிரலுக்கு மேல் பருத்த போத்துகளை ஐப்பசி மழையில் ஓரடிக்கு ஒன்றாக நடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் கிளுவை அழுகும், அங்கே வரப்பின்மேல் நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள், இரண்டையும் ஆடு கடிக்காது. கொடிக்காலுக்குக் காற்று ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஓரத்தில் அடர்ந்த உயிர்வேலி இருந்தால் கம்பியால் கிடைக்காத காற்றுத் தடுப்பும் கிடைக்கும். வேலி பிடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பழைய முள் வேலி இருந்தால் அதுவரை அதைப் பிரிக்காதீர்கள். நெல் வயல் ஓரத்தில் வேலியை இடுப்புயரத்தில் வெட்டி நிறுத்துங்கள், பக்கத்து வயலில் நிழல் விழக் கூடாது.

மகன் அனுப்பிய படத்தில் இருக்கும் மரக்கட்டை வேலி நம் ஊரில் கரையானுக்கு விருந்து. அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் கதவின் இரும்புச் சட்டத்துக்குள் பனஞ்சட்டம் பொருத்துங்கள். பனை வெட்ட இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால் புதுப் பனைக்குப் போகவேண்டாம். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடங்களில் வயிரம் பாய்ந்த சட்டம் கிடைக்கும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நிற்கட்டும், வருஷம் ஒருமுறை எண்ணெய் பூசுங்கள்.

பெயர்க்கல்

பெயரைத் தூணில் எழுதாமல், ரோட்டிலிருந்து வரும்போது நேரே தெரியும் கைச்சுவரில் ஒரு பலகைக் கல்லாகப் பதியுங்கள். எழுத்து நான்கு அங்குலத்துக்குக் குறையாமல், உள்ளே குடைந்து வெட்டியதாக இருக்கட்டும். ஒட்டும் எழுத்து வெயிலுக்கு நிற்காது. அலங்காரத்துக்குத் தாமரையும் மயிலும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. உங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, கொடிக்காலும் வைத்திருக்கிறீர்கள். ஒரு வெற்றிலைக் கொடியைப் பெயரைச் சுற்றிச் செதுக்கச் சொல்லலாம்.

பணம் குறைந்தால்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இது வரும். பாதி வேலையில் பணம் இறுகினால் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர்க்கல்லைத் தள்ளிப்போடலாம். கைச்சுவரை அடுத்த வருஷம் எழுப்பலாம், ஆனால் அதன் அஸ்திவாரத்தைத் தூணோடு சேர்த்தே போட்டுவிடவேண்டும். பனஞ்சட்டம் வைக்காமல் வெறும் இரும்புக் கதவாக மாட்டலாம். தூணை ஏழடிக்குப் பதில் ஆறடியோடு நிறுத்தினாலும் குறையில்லை.

ஹியூம் பைப்பின் விட்டம், குழியின் ஆழம், நடுக்காலின் கம்பி, தரைப் பீம் ஆகிய நான்கில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். இவை நான்கும் வேலை முடிந்தபிறகு கண்ணுக்குத் தெரியாதவை, அதனால்தான் எல்லாரும் முதலில் இவற்றில் கை வைக்கிறார்கள். இந்த நான்கும் மூடப்படுவதற்கு முன் நீங்களே குழிக்குள் இறங்கி டேப் வைத்து அளந்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து மகனுக்கு அனுப்புங்கள்.